இந்தியாவில் பேட்டரி மின்சேமிப்பு: டெண்டர் விலை ஐந்தில் ஒன்றாகிவிட்டது, தரையில் எவ்வளவு வந்திருக்கிறது?

ஈரோட்டு_மின்கணக்கு எழுதியது:

தினமும் வாட்சப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இந்த மாநிலம் இத்தனை மெகாவாட் பேட்டரிக்கு டெண்டர் விட்டது, விலை மறுபடியும் இறங்கியது, இந்தியாவின் மின்சேமிப்புச் சந்தை எங்கேயோ போகப்போகிறது என்று. இதில் பாதி உண்மை, மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை, அதனால்தான் இந்த இழை. மின்சாரம் வாங்கி விற்கும் பக்கத்தில் வேலை பார்க்கிறேன், எண்கள் கொஞ்சம் அதிகமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விலை. 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் சோலார் எனர்ஜி கார்ப்பரேஷன், துறையில் செகி என்று சொல்வோம், 500 மெகாவாட்டை இரண்டு மணி நேரம் தரக்கூடிய பேட்டரிக்கு ஏலம் நடத்தியது. ஜேஎஸ்டபிள்யூ குழுமத்து நிறுவனம் மெகாவாட்டுக்கு மாதம் சுமார் 10.8 லட்சம் ரூபாய் வாடகை என்று கேட்டு எடுத்தது. 2024 மார்ச்சில் குஜராத்தில் அதே இரண்டு மணி நேரப் பேட்டரி 4.5 லட்சத்துக்கு வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் ராஜஸ்தானில் 2.2 லட்சம். லித்தியம் கார்பனேட் விலை 2022 கடைசியில் உச்சத்தைத் தொட்டு அங்கிருந்து 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, சீனாவில் பேட்டரி செல் தொழிற்சாலைகள் தேவையை மீறிப் பெருகிவிட்டன, இங்கே மத்திய அரசு மூலதனத்தில் ஒரு பங்கை மானியமாகத் தர ஆரம்பித்தது. மூன்றும் சேர்ந்த இறக்கம் அது.

மாத வாடகையை யூனிட்டுக்கு மாற்றினால் நமக்குப் புரியும். ஒரு மெகாவாட் இரண்டு மணி நேரம் என்றால் ஒரு தடவைக்கு 2,000 யூனிட். தினம் ஒரு தடவை, 95 சதவீத நாட்கள் ஓடுகிறது என்று வைத்தால் மாதம் 57,000 யூனிட். பழைய 10.8 லட்சத்தில் யூனிட்டுக்குப் பேட்டரிச் செலவு மட்டும் 19 ரூபாய். 2.2 லட்சத்தில் 3.86 ரூபாய். பகலில் 2.50 ரூபாய் சோலார் மின்சாரத்தை ஏற்றி, 15 சதவீதம் இழப்பையும் கழித்தால், சாயங்காலம் கையில் கிடைக்கும் யூனிட் 6.80 ரூபாய் சுமார். மின்சந்தையில் உச்சவரம்பு 10 ரூபாய், சாயங்கால நேரத்தில் பல நாள் அந்த வரம்பைத் தொட்டு நிற்கிறது. அதாவது கணக்கு இப்போதுதான் கட்டுபடியாகிறது.

இனி தரைக்கு வருவோம். 2025 தொடங்கும்போது நாடு முழுவதும் கிரிட்டில், அதாவது பொது மின்கட்டமைப்பில், ஓடிக்கொண்டிருந்த பேட்டரி எல்லாம் சேர்த்து 500 மெகாவாட் மணியைத் தொடவில்லை. கலிஃபோர்னியா என்ற ஒரே மாநிலம் 2024-லேயே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நம் மத்திய மின்சார ஆணையம் 2031-32க்குத் தேவை என்று சொல்லும் அளவு பேட்டரியில் மட்டும் 236 ஜிகாவாட் மணி. இந்த இடைவெளியைத்தான் நாம் பேச வேண்டும்.

அந்த முதல் செகி ஏலம் என்ன ஆனது தெரியுமா? மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் அந்த விலைக்கு ஒப்புதல் தர மறுத்தது. ஒப்புதல் மனு வருவதற்குள் சந்தை விலை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது, அந்தப் பழைய விலையை மக்கள் தலையில் எப்படிக் கட்டுவது என்பது ஆணையத்தின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் இதிலிருந்து மின்வாரியங்கள் கற்றுக்கொண்டது "காத்திரு, இன்னும் குறையும்" என்ற ஒன்றைத்தான். விலை இறங்குவதே கட்டுமானத்தைத் தள்ளிப்போட வைக்கிறது. இதுதான் என் கவலை.

கேள்வி_கேட்பவள் எழுதியது:

அண்ணா, நல்ல பதிவு. மெகாவாட், மெகாவாட் மணி இரண்டையும் செய்தியில் மாற்றி மாற்றிப் போடுகிறார்களே, எதைப் பார்க்க வேண்டும்?

ஈரோட்டு_மின்கணக்கு எழுதியது:

இரண்டையும் பார்க்க வேண்டும்மா. மெகாவாட் என்பது தண்ணீர்க் குழாயின் அகலம், மெகாவாட் மணி என்பது தொட்டியின் கொள்ளளவு. 500 மெகாவாட், 1000 மெகாவாட் மணி என்றால் முழு வேகத்தில் திறந்துவிட்டால் இரண்டு மணி நேரத்தில் காலி. ஒரு மெகாவாட் மணி ஆயிரம் யூனிட். செய்தியில் மெகாவாட் மட்டும் போட்டிருந்தால் அது அரை மணி நேரப் பேட்டரியா நான்கு மணி நேரப் பேட்டரியா என்று தெரியாது, விலையை ஒப்பிடவும் முடியாது.

மதுரை_இன்வெர்ட்டர் எழுதியது:

அண்ணே, நீங்கள் கிரிட் பேட்டரியை மட்டும் எண்ணுகிறீர்கள். இந்தியாவில் மின்சேமிப்புச் சந்தை இருபது வருடமாக வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. 2012-ல் நம் ஊரில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது கடை வாசலில் நின்று முன்பணம் கட்டி இன்வெர்ட்டர் வாங்கிப் போனார்கள். அரசு ஒரு ரூபாய் மானியம் தரவில்லை. ஜனங்கள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கட்டிய சேமிப்பு அது. அதை எந்த அறிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஒரு 150 ஆம்பியர் மணி டியூபுலர் ஈய பேட்டரி என்றால் பெயருக்கு 1.8 யூனிட். முழுவதையும் இழுத்தால் சீக்கிரம் செத்துவிடும், உருப்படியாக ஒரு யூனிட்டு சொச்சம் எடுக்கலாம். டிஸ்டில்டு வாட்டர் மிதவை இறங்கியிருக்கிறதா என்று பார்த்து ஊற்ற வேண்டும், டெர்மினலில் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி வாசலின் தடவ வேண்டும். இதைச் செய்கிற வீட்டில் ஐந்து வருடம் ஓடும், செய்யாத வீட்டில் மூன்றாம் வருடமே தட்டில் சல்ஃபேட் ஏறிப் போய்விடும். இப்போது லித்தியம் கேட்டு வருகிறார்கள். விலை கூடத்தான், ஆனால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு அது பெரிய நிம்மதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் வருகிறது, நிறையப் பேர் மாடியில் பேனல் போட்டுவிட்டார்கள். போட்ட பிறகு கடைக்கு வந்து "உச்சி வெயில் அடிக்கிறது, தெருவில் கரண்ட் இல்லை, என் வீட்டிலும் இல்லை, ஏன்?" என்று கேட்கிறார்கள். ஆன்கிரிட் இன்வெர்ட்டர் தெருவில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும், கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்வதில்லை. பேட்டரிக்கு அந்த மானியம் கிடையாது. கொடுத்திருந்தால் நீங்கள் சொல்கிற சாயங்காலத் தேவையில் ஒரு பங்கு வீட்டிலேயே முடிந்திருக்கும்.

ஈரோட்டு_மின்கணக்கு எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள் தம்பி, ஆனால் ஒரு திருத்தம். ஈய பேட்டரி கரண்ட் வந்த நிமிடமே கிரிட்டில் இருந்து திரும்ப ஏற்றிக்கொள்கிறது, அது சாயங்காலம் ஏழு மணி என்றாலும் சரி. ஏற்றி இறக்கும்போது கால் பங்குக்கு மேல் வீணாகிறது. அந்த வீட்டுக்கு அது விளக்கு. கிரிட்டுக்கு அது கூடுதல் சுமை. நேரம் பார்த்து ஏற்றி நேரம் பார்த்து இறக்குகிற மீட்டரும் கட்டணமும் வந்தால்தான் வீட்டுப் பேட்டரியை நாட்டுச் சேமிப்பில் சேர்க்க முடியும்.

கயத்தாறு_காத்தாடி எழுதியது:

நான் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது, காற்று வருவது மே கடைசியில் இருந்து செப்டம்பர் வரை. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைப் பக்கமும் அடிக்கிற காற்றில் ராத்திரி இரண்டு மணிக்குக் கூட மெஷின் முழு வேகத்தில் சுற்றும், அந்த நேரத்தில் ஊரே தூங்குகிறது, வாங்க ஆள் இல்லை, நிறுத்து என்று சொல்லிவிடுவார்கள். நல்ல காற்றில் பிளேடைத் திருப்பி நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்திருப்பது என்ன வேதனை என்று எங்களைக் கேட்டால் தெரியும்.

என் கேள்வி இதுதான். பெரும்பாலான மாநிலங்கள் இரண்டு மணி நேரப் பேட்டரிக்கே ஏலம் விடுகின்றன. சோலாரை மதியத்தில் இருந்து ராத்திரி எட்டுக்கு நகர்த்த அது போதும். ராத்திரி முழுக்க அடிக்கிற காற்றை அடுத்த நாள் காலைக்கும் சாயங்காலத்துக்கும் கொண்டுபோக இரண்டு மணி நேரம் எந்த மூலைக்கு? ராஜஸ்தானுக்கும் குஜராத்துக்கும் தைத்த சட்டை நமக்குப் பொருந்தாது. 2024 மே 2 அன்று நம் உச்சத் தேவை 20,830 மெகாவாட், அது காற்று சரியாக ஆரம்பிக்காத மாதம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

குந்தா_வாசி எழுதியது:

அதற்குத்தான் நீலகிரியில் எங்கள் மலையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். குந்தா நீரேற்று மின்திட்டம், 500 மெகாவாட், 125 வீதம் நான்கு இயந்திரம். மேலே போர்த்திமந்து அணை, கீழே அவலாஞ்சி - எமரால்டு அணை. மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் கீழிருந்து மேலே தண்ணீரை ஏற்றுவது, தேவைப்படும்போது இறக்கி டர்பைனைச் சுற்றுவது. இரண்டு அணையும் பழையவை, புதிதாக ஊர் எதையும் மூழ்கடிக்கவில்லை, அந்த விதத்தில் நல்ல திட்டம் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் எத்தனை வருடமாக நடக்கிறது! மலைக்குள் சுரங்கம், குகை மாதிரி மின்நிலையம், மழைக்காலத்தில் வேலை நிற்கும், ஒப்பந்தம் பகுதி பகுதியாகப் போகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, சாலைகள் சரிந்தன. இந்த மண்ணில் வேலை செய்வது சமவெளியில் கன்டெய்னரை இறக்கி வைப்பது போல இல்லை. மலையில் வாழ்கிற எங்களுக்குச் சுரங்க வெடி, லாரிப் போக்குவரத்து, காட்டு மாடுகளின் வழித்தடம் எல்லாமே கவலைதான். அடுத்ததாக வெள்ளிமலை, ஆழியாறு, மேல் பவானி என்று பட்டியல் நீளுகிறது. ஒன்றை முடித்துக் காட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

ஈரோட்டு_மின்கணக்கு எழுதியது:

கயத்தாறு அண்ணன், குந்தா நண்பர் இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். காற்றுக்கு நீரேற்றுதான் பொருத்தம், சந்தேகமே இல்லை. ஆறு, எட்டு மணி நேரம் தரும், நாற்பது ஐம்பது வருடம் உழைக்கும், ஏற்றி இறக்குவதில் 20 முதல் 25 சதவீதம் இழப்பு. ஆனைமலையில் காடம்பாறை 400 மெகாவாட் 1980களின் கடைசியில் இருந்து நம்மிடம் இருக்கிறது. இந்தியாவில் நீரேற்று நம்மவர்களுக்குப் புதிதே இல்லை, நாம் முன்னோடிகள். அப்புறம் பாருங்கள், ஆந்திராவில் பின்னாபுரத்தில் கிரீன்கோ தனியாராக 1,680 மெகாவாட் கட்டிவிட்டது, ஆற்றின் குறுக்கே அணை கட்டாமல், நீர்த்தேக்கத்தை ஆற்றை விட்டுத் தள்ளி வைத்து. காடம்பாறை கட்டிய மாநிலம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றது இல்லை. நீரேற்று வருவதற்குக் குறைந்தது ஐந்தாறு வருடம். பேட்டரியை இடமும் துணைமின்நிலைய இணைப்பும் தயாராக இருந்தால் ஒன்றரை இரண்டு வருடத்தில் நிறுத்திவிடலாம். நம் மாநிலத்துக்கு ஏலத்தில் நான்கு மணி நேரப் பேட்டரி கேட்கலாம், செல் விலை இந்த அளவுக்கு வந்த பிறகு அது எட்டாத ஆசை இல்லை.

பல்லடம்_மில் எழுதியது:

எங்களை மாதிரி உயர் அழுத்த இணைப்புக்காரர்கள் சொந்தமாகப் போடலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். காலை ஆறு முதல் பத்து, மாலை ஆறு முதல் பத்து, எட்டு மணி நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். யூனிட் 7 ரூபாய் சொச்சம் என்றால் கூடுதல் 1.80. ராத்திரியில் 5 சதவீதத் தள்ளுபடி, ஒரு 35 காசு. ஆக ராத்திரி ஏற்றி உச்ச நேரத்தில் இறக்கினால் யூனிட்டுக்கு 2.15 மிஞ்சும், அதில் ஏற்றி இறக்கும் இழப்பே ஒரு ரூபாய் தின்றுவிடும். மீதி ஒரு ரூபாய் சொச்சத்தில் பேட்டரிக் கடனை யார் கட்டுவது? மானியம் எல்லாம் மின்வாரிய ஏலத்துக்குத்தான், எங்களுக்கு இல்லை.

டீசல் ஜெனரேட்டருக்குப் பதில் என்றால் கதை வேறு. ஒரு லிட்டர் டீசலில் மூன்றரை யூனிட் வரும், யூனிட் 26 ரூபாய் ஆகிறது. ஆனால் ஜெனரேட்டர் ஓடுவதே மாதத்தில் சில மணி நேரம். ஸ்பின்னிங்கில் ஒரு நொடி மின்னழுத்தம் இறங்கினாலும் ரிங் ஃப்ரேம் என்கிற நூற்பு இயந்திரம் நின்று நூல் அறுந்துபோகும், எல்லா ஸ்பிண்டிலையும் மறுபடி ஒட்ட வேண்டும், அந்த நஷ்டத்துக்குப் பேட்டரி நல்ல மருந்து என்று எங்கள் எலக்ட்ரீஷியன் சொல்கிறார். அதை மட்டும் வைத்து வங்கியில் கடன் கேட்டால் தருவார்களா என்பதுதான் தெரியவில்லை.

நெல்லை_அக்கா எழுதியது:

எங்கள் ஊர்ப் பக்கம் பேட்டரி நிலையம் வரப்போகிறது என்று பேச்சு. அமெரிக்காவில் எரிந்ததே, அதை வீடியோவில் பார்த்துவிட்டு ஊரில் எல்லாரும் பயப்படுகிறார்கள். இதற்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

ஈரோட்டு_மின்கணக்கு எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வது 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் மாஸ் லேண்டிங் தீ. ஆயிரம் பேருக்கு மேல் ஊரை விட்டு வெளியேற்றினார்கள், பயம் நியாயமானது. அங்கே பழைய மின்நிலையக் கட்டடத்துக்குள், ஒரே கூரைக்குக் கீழே, நிக்கல் - மாங்கனீஸ் - கோபால்ட் வகைப் பேட்டரியை அடுக்கியிருந்தார்கள். ஒன்றில் பிடித்தது மற்றதுக்குப் பரவியது. இப்போது இங்கே வருவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட், திறந்த வெளியில் தனித்தனிக் கன்டெய்னர். இது அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது, பிடித்தாலும் ஒரு கன்டெய்னரோடு நிற்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019-ல் அரிசோனாவில் மூடிய பேட்டரிக் கட்டடத்துக்குள் வாயு சேர்ந்திருந்தது தெரியாமல் தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்தார்கள், வெடித்துப் பலத்த காயம் அடைந்தார்கள். ஊர்க் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது: கன்டெய்னர்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, வாயு வெளியேற வழி இருக்கிறதா, பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் பயிற்சி கொடுத்தார்களா, வீடுகளில் இருந்து எவ்வளவு தூரம். எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கிருஷ்ணகிரி_பையன் எழுதியது:

செல் எல்லாம் சீனாவில் இருந்துதானே வருகிறது? 2021-ல் 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தார்கள், 50 ஜிகாவாட் மணி இங்கேயே தயாரிப்போம் என்று. எங்கள் மாவட்டத்தில் ஓலா தொழிற்சாலை வந்தது, ஆனால் அது ஸ்கூட்டருக்கு. கிரிட் பேட்டரிக்கு நம் செல் எப்போது?

ஈரோட்டு_மின்கணக்கு எழுதியது:

இப்போதைக்கு செல் இறக்குமதி, கன்டெய்னரில் அடுக்குவதும் பிசிஎஸ் (பேட்டரி மின்சாரத்தைக் கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி), டிரான்ஸ்ஃபார்மர் மாதிரியான பகுதிகளும் இங்கே. அந்த ஊக்கத் திட்டத்தில் சொன்ன 50-க்குப் பக்கத்தில் கூட நாடு வரவில்லை. பெய்ஜிங் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை ஒரு சுற்று இறுக்கினால் நம் 2.2 லட்சம் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். விலையை மட்டும் பார்த்து ஏலம் எடுத்தவர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

ஏலம் எடுத்தவர் நிலைத்திருப்பாரா என்பதும் பெரிய விஷயம். நான் மேலே சொன்ன 2024 குஜராத் ஏலத்தில் வென்ற இருவரில் ஒருவர் ஜென்சால். 2025-ல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் நடவடிக்கை, அதைத் தொடர்ந்து திவால் வழக்கு. வென்ற மற்றவர் இண்டிகிரிட், அவர்கள்தான் டெல்லி கிலோக்கரியில் 20 மெகாவாட், 40 மெகாவாட் மணி பேட்டரியை நிறுத்தினார்கள். நெரிசலான பகுதியில், துணைமின்நிலையத்தை ஒட்டியே. இந்த மாதிரி நூறு சின்ன நிலையங்கள் நகரங்களுக்குள் வந்தால் கோடைச் சாயங்காலங்களில் டிரான்ஸ்ஃபார்மர் மேல் விழுகிற பாரம் குறையும், புதிதாகக் கேபிள் போடத் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி அது. சென்னையில் தி.நகரையோ வேளச்சேரியையோ எடுத்துக்கொள்ளுங்கள், மே மாதம் ராத்திரி பத்தரை மணிக்கு எல்லா ஏசியும் ஓடும்போது எங்கே ஃபீடர், அதாவது தெருக்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன், பாரம் தாங்காமல் விழுகிறது என்று வாரியத்துக்கு நன்றாகவே தெரியும். அங்கே வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மதுரை_இன்வெர்ட்டர் எழுதியது:

கடைசிக் கருத்துக்கு ஆயிரம் லைக். பழங்காநத்தத்துக்கும் ஒன்று வேண்டும்.

கேள்வி_கேட்பவள் எழுதியது:

மதுரை அண்ணா, வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார் போடப் போகிறோம். கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் விற்பவரிடம் என்ன கேட்பது?

மதுரை_இன்வெர்ட்டர் எழுதியது:

ஹைப்ரிட் இன்வெர்ட்டர் என்று கேளுங்கள் தங்கச்சி, பேட்டரி இப்போது வாங்காவிட்டாலும் பிறகு இணைக்க முடியும். இணைக்கிற பேட்டரி எந்த வோல்ட், எந்த பிராண்டுகள் ஒத்துப்போகும் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள், பிறகு இது ஒத்துக்கொள்ளாது என்று கைவிரிப்பார்கள். ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் மட்டும் தனி லைனாக வயரிங் பிரித்துவிடச் சொல்லுங்கள், மோட்டாரும் ஏசியும் அதில் வரக் கூடாது. மானியத்துக்கு வாரியத்தில் விண்ணப்பிக்கும்போது இன்வெர்ட்டர் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.